எதிர்ப்பொருள் இருந்தால் மட்டும் போதுமா? ஏற்பி மரபணுக்கள் செய்யும் வேலை

கொரோனா காலத்தில் 'ஆன்டிபாடி டெஸ்ட்' என்பது வீட்டுப் பேச்சாகிவிட்டது. தடுப்பூசி போட்டபின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, வந்த எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது பாதிச் செய்திதான். எதிர்ப்பொருள் கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொண்டால் பல சமயம் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒட்டியதை வெள்ளணுக்கள் கண்டுகொண்டு, பற்றி, விழுங்கவோ கொல்லவோ வேண்டும். அப்படிப் பற்றிக்கொள்ள வெள்ளணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றன. அவைதான் எதிர்ப்பொருள் ஏற்பிகள். இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை.

ஒருவருக்கு ஒரு நோய் எளிதில் வருவதற்கும், அதே நோய் இன்னொருவரை லேசாகத் தொட்டுவிட்டுப் போவதற்கும் ஆயிரம் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று இந்த ஏற்பிகள். 'நல்ல மரபணு எது, கெட்ட மரபணு எது' என்ற பட்டியலைத் தேடி வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். ஒரு நோயிலிருந்து காக்கும் மாற்றமே இன்னொரு நோய்க்குக் கதவைத் திறந்துவிடுவதை இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பப்பாளிப் பாலில் இருந்து கிடைத்த விடை

எதிர்ப்பொருள் என்பது ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் இருக்கும் ஒரு புரதம். அதன் இரண்டு கைகளும் கிருமியைப் பிடிக்கின்றன. கால் என்ன செய்கிறது என்பது நீண்ட காலம் தெளிவாகவில்லை.

1950களின் இறுதியில் பிரிட்டனின் ராட்னி போர்ட்டர், முயலின் எதிர்ப்பொருளை பாப்பெயின் என்ற நொதியால் வெட்டிப் பார்த்தார். பாப்பெயின் பப்பாளிக் காயின் பாலில் இருந்து எடுக்கப்படுவது. இறைச்சி மென்மையாக வேகப் பப்பாளிக் காய்த் துண்டு போடுகிறோமே, அதே நொதி. எதிர்ப்பொருள் மூன்று துண்டுகளானது. இரண்டு துண்டுகள் கிருமியின் பகுதிகளைப் பிடித்தன. மூன்றாவது எதையும் பிடிக்கவில்லை, ஆனால் படிகமாக உறைந்தது. ஒரு பொருள் படிகமாக வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் ஒன்றுபோல இருக்க வேண்டும். கைகள் கிருமிக்குக் கிருமி வேறுபடுகின்றன, கால் பகுதி பெரும்பாலும் பொதுவானது என்று அதிலிருந்து விளங்கியது. படிகமாகும் துண்டு என்ற பொருளில் அதற்கு 'எஃப்சி' என்று பெயர் வந்தது. எதிர்ப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக போர்ட்டரும் அமெரிக்காவின் ஜெரால்டு எடல்மனும் 1972இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வைரஸ் செல்லுக்குள் நுழையும் இடத்தை மறைத்துவிட எதிர்ப்பொருளுக்குக் கைகள் போதும். மற்ற வேலைகளுக்கு எஃப்சி வேண்டும். அந்த எஃப்சி பகுதியைப் பிடிப்பவைதான் எஃப்சி ஏற்பிகள். இவை பிடித்தபின் நடப்பது மூன்று வகை:

1. விழுங்குதல். மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்கள் எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை உள்ளே இழுத்துச் செரித்துவிடும்.

2. கொல்லுதல். இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள், எதிர்ப்பொருள் ஒட்டிய செல்லின் மேல் நஞ்சைக் கொட்டி அதை அழிக்கும். வைரஸ் புகுந்த செல்லும் புற்றுநோய் செல்லும் இப்படி அழிகின்றன.

3. அடக்குதல். எதிர்ப்பொருள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால் 'போதும்' என்று உற்பத்தியையும் தாக்குதலையும் குறைப்பது. நோயெதிர்ப்பு என்றாலே தாக்குதல் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி இதைச் சுற்றித்தான்.

ஏற்பிகளின் குடும்பம்

ரத்தத்தில் அதிகம் உள்ள எதிர்ப்பொருள் வகை ஐஜிஜி. அதைப் பிடிக்கும் ஏற்பிகளுக்கு எஃப்சி காமா ஏற்பிகள் என்று பெயர். வசதிக்காக 1, 2ஏ, 2பி, 2சி, 3ஏ, 3பி என்று குறிப்பிடுகிறேன். முதலாவது தனி ஐஜிஜியையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மற்றவை தனியாக வரும் எதிர்ப்பொருளை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கிருமியின் மேல் எதிர்ப்பொருள் கூட்டமாக ஒட்டியிருந்தால்தான் செயல்படும். முதலாவது நீங்கலாக மற்ற ஐந்தின் மரபணுக்களும் முதலாம் குரோமோசோமில் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

இவற்றில் 2பி மட்டும் தனி. மற்றவை வெள்ளணுவைத் தூண்ட, இது அடக்குகிறது. எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் பி செல்களில் இருக்கும் எஃப்சி காமா ஏற்பி இது ஒன்றுதான். 3ஏ இயற்கைக் கொல்லி செல்களில் முக்கியம். 3பி நியூட்ரோஃபில்களில் ஏராளம். 2சி பலரிடம் செயல்படுவதே இல்லை. அவர்களின் மரபணுவில் நடுவிலேயே 'நிறுத்து' என்ற குறியீடு வந்துவிடுகிறது.

ஐஜிஜியிலும் நான்கு உட்பிரிவுகள் உண்டு. வைரஸின் புரதங்களுக்கு எதிராகப் பெரும்பாலும் 1, 3 ஆகிய பிரிவுகள் உருவாகும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை போர்த்திக்கொண்டு வரும். அந்த உறைக்கு எதிராக ஐஜிஜி 2 அதிகம் உருவாகும். இந்த ஐஜிஜி 2ஐப் பெரும்பாலான ஏற்பிகள் சரியாகப் பிடிப்பதில்லை. அங்கேதான் முதல் மரபணு வேறுபாடு வருகிறது.

131ஆம் இடம்: எச்சா, ஆரா?

2ஏ ஏற்பியின் புரதச் சங்கிலியில் 131ஆவது அமினோ அமிலம் சிலரிடம் ஹிஸ்டிடின், சிலரிடம் ஆர்ஜினின். டிஎன்ஏவில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' வந்தால் போதும், இந்த மாற்றம் ஏற்பட்டுவிடும். முதலாவதை எச் வகை என்றும் இரண்டாவதை ஆர் வகை என்றும் சொல்வார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வருவதால் ஒருவர் எச்-எச், எச்-ஆர், ஆர்-ஆர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருப்பார். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இரண்டு வகையும் ஏறக்குறைய சரிபாதி. ஜப்பான், சீனா பக்கம் எச் அதிகம். ஆக ஒன்றை 'இயல்பு' என்றும் மற்றதைப் 'பிழை' என்றும் சொல்ல முடியாது.

எச் வகை ஏற்பி ஐஜிஜி 2ஐ நன்றாகப் பிடிக்கும். ஆர் வகைக்கு அந்தப் பிடி தளர்வு. ஆர்-ஆர் உள்ளவரின் வெள்ளணுக்கள், ஐஜிஜி 2 ஒட்டிய பாக்டீரியாவை விழுங்குவதில் பின்தங்குகின்றன. சோதனைக் குழாயில் இது தெளிவாகத் தெரிகிறது.

நிஜ வாழ்க்கையில்? 1994இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், மெனிங்கோகாக்கஸ் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடிய குழந்தைகளிடம் ஆர்-ஆர் வகை எதிர்பார்த்ததைவிட அதிகம் இருப்பதாகத் தெரிவித்தார்கள். நிமோகாக்கஸ் ரத்தத்தில் பரவும் நிமோனியாவிலும் இதே திசையில் முடிவுகள் வந்தன. அப்புறம் வந்த ஆய்வுகளில் சில ஒத்துப்போயின, சில போகவில்லை.

ஆர் வகைக்கு இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. லூபஸ் என்ற நோயில் உடல் தன் சொந்த டிஎன்ஏவுக்கும் புரதங்களுக்கும் எதிராகவே எதிர்ப்பொருள்களை உருவாக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிகளாகிச் சிறுநீரகத்தில் படியும். இந்தக் கட்டிகளை விழுங்கி அகற்றுவதும் எஃப்சி ஏற்பிகளின் வேலை. பிடி தளர்ந்தால் அகற்றுவதும் தாமதமாகும். 1996இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஆர் வகைக்கும் தொடர்பு தெரிந்தது.

இதுவரை படித்தவர்கள் 'அப்படியானால் எச் நல்லது' என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். சரி, அடுத்ததைப் பாருங்கள்.

2009இல் ஜப்பானில் பெருங்குடல் புண் நோயாளிகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசினார்கள். நோயோடு தொடர்புடையதாகத் தெரிந்த இடங்களில் ஒன்று இந்த 131. ஆபத்து வகை எச். 2011இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாகக் கவசாகி நோயை ஆராய்ந்தார்கள். சிறு குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்கள் வீங்கி, இதயத்தின் தமனிகள் வரை பாதிக்கும் நோய் அது. கொரோனாவுக்குப் பின் சில குழந்தைகளுக்கு வந்த கடும் அழற்சியை இதோடு ஒப்பிட்டுத்தான் அப்போது செய்திகளில் பேசினார்கள். அங்கேயும் ஆபத்து வகை எச்தான். இறுக்கிப் பிடிக்கும் ஏற்பி கிருமியை நன்றாக விழுங்குகிறது; விழுங்கும்போதே அழற்சியையும் கூடுதலாக மூட்டுகிறது.

இங்கே அவசரப்பட்டுத் தாவக்கூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. ஜப்பானியர்களிடம் எச் அதிகம், கவசாகி நோயும் அங்கேதான் அதிகம். ஆகவே அதற்கு இதுவே காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு நோய்க்கான நூறு கூறுகளில் இது ஒன்று. தனி மனிதரின் ஆபத்தைச் சற்றே நகர்த்தும் ஒரு மாற்றத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் நோய் வரைபடத்தை விளக்கிவிட முடியாது.

டெங்குவில் பிடி இறுகினால் ஆபத்து

டெங்கு நம் ஊரில் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒருமுறை ஒரு வகை வந்து குணமானால் அதற்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் நிற்கும். சில ஆண்டுகள் கழித்து வேறொரு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதன் மேலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் செயலிழக்க வைக்காது. டெங்கு வைரஸ் பெருகுவதற்கு விரும்பும் இடம் மோனோசைட், மேக்ரோஃபேஜ் ஆகிய வெள்ளணுக்கள். எஃப்சி ஏற்பிகள் இருப்பதும் அவற்றில்தான். எதிர்ப்பொருள் ஒட்டிய வைரஸை அந்த ஏற்பி பிடித்து உள்ளே இழுக்கும்போது, வைரஸ் போக நினைத்த இடத்துக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாம் முறை டெங்கு சிலருக்கு மோசமாகப் போவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இதற்குக் கியூபாவின் அனுபவம் நல்ல சான்று. அங்கே 1977இல் முதல் வகை டெங்கு பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தது. அந்த ஆண்டு 158 பேர் இறந்தார்கள், அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997இல் சாந்தியாகோ நகரில் மறுபடி இரண்டாம் வகை பரவியபோது கடுமையாக நோயுற்றவர்கள் அநேகமாக எல்லோருமே பெரியவர்கள். 20 ஆண்டுக்கு முன் முதல் வகையைச் சந்தித்தவர்கள் அவர்கள்தானே.

ஆனால் இரண்டாம் தொற்று வந்த எல்லோருக்கும் நோய் முற்றவில்லை. பலருக்குக் காய்ச்சலே இல்லை. யாருக்கு எந்த ஏற்பி என்று பார்த்தபோது, 2010இல் வெளியான கியூப ஆய்வில், அறிகுறியே இல்லாமல் தப்பியவர்களிடம் ஆர்-ஆர் வகை அதிகம் இருந்தது. 2002இல் வியட்நாமில் நடந்த ஆய்வும் ஆர்-ஆர் வகைக்குப் பாதுகாப்பு இருப்பதைச் சுட்டியிருந்தது. பாக்டீரியாவுக்கு எதிராகக் குறையாகத் தெரிந்த தளர்ந்த பிடி, டெங்குவில் சாதகமாகிறது. வைரஸை உள்ளே இழுக்கும் கைகளில் ஒன்று பலவீனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்ப்பொருளே வம்பாகும் இந்தச் சிக்கல் தடுப்பூசித் திட்டத்தையே கவிழ்த்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போடத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் போட்டார்கள். அதற்கு முன் டெங்கு வராதவர்களுக்கு இந்தத் தடுப்பூசி பின்னாளில் கடும் நோயின் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமான சனோஃபியே அறிவித்தது. திட்டம் நின்றது. பாதி வேலை செய்யும் எதிர்ப்பொருளை ஊசியே கற்றுக்கொடுத்தால், முதல் தொற்று இரண்டாம் தொற்றுபோல நடந்துகொள்ளும் என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அடக்கும் ஏற்பி தவறினால்: லூபஸும் மலேரியாவும்

இந்தத் துறையில் என்னைக் கேட்டால் மிகச் சுவாரசியமான பகுதி 2பி. அடக்கும் வேலையைச் செய்யும் ஒரே ஏற்பி என்பதால் இதில் ஏற்படும் பழுது எல்லா இடத்திலும் எதிரொலிக்கும்.

2பியின் 232ஆவது இடத்தில் பெரும்பாலோருக்கு ஐசோலியூசின். சிலருக்கு அங்கே திரியோனின் இருக்கும். இந்த இடம் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் பகுதியில் இல்லை; ஏற்பி செல்லின் சவ்வை ஊடுருவிச் செல்லும் பகுதியில் இருக்கிறது. பிடிக்கும் திறன் குறையவில்லையே, பிறகு என்ன கெடும்? செல் சவ்வில் கொழுப்பு செறிந்த சிறு திட்டுகள் உண்டு. சமிக்ஞைகள் பரிமாறப்படும் இடங்கள் அவை. திரியோனின் கொண்ட ஏற்பி அந்தத் திட்டுகளுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடுகிறது. எதிர்ப்பொருளைப் பிடிக்கிறது, ஆனால் 'போதும்' என்ற செய்தி உள்ளே போவதில்லை.

விளைவை வரிசையாகப் பார்க்கலாம்:

1. பி செல்கள் அடங்குவதில்லை. எதிர்ப்பொருள் உற்பத்தி அதிகமாகிறது. தன் உடலுக்கே எதிரானவையும் அதில் சேரலாம். திரியோனின் வகை தாய், தந்தை என இரு பக்கமும் உள்ளவர்களுக்கு லூபஸ் ஆபத்து கூடுதல் என்பது 2002இல் ஜப்பானியர்களிடம் தெரிந்தது. ஹாங்காங் சீனர்களிடமும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமும் பின்னர் உறுதியானது.

2. மேக்ரோஃபேஜ்களும் அடங்குவதில்லை. மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களை அவை கூடுதல் வேகத்தில் விழுங்குகின்றன. 2பி இல்லாத எலிகள் மலேரியாவை நன்றாகக் கட்டுப்படுத்தின என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள்.

3. இந்த வகை இரு பக்கமும் உள்ளவர்கள் ஐரோப்பியர்களிடம் மிகச் சிலர். ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கணிசமானவர்கள். மலேரியா பல தலைமுறைகளாக ஆட்டிப்படைத்த பகுதிகள் இவை.

4. 2010இல் வெளியான ஆய்வில், கென்யக் குழந்தைகளில் இந்த வகை இரு பக்கமும் உள்ளவர்களுக்குக் கடும் மலேரியா வரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் என்று தெரிந்தது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கதை பிடிபடும். லூபஸ் பெரும்பாலும் இளமையிலும் நடுவயதிலும் வரும் அரிய நோய். மலேரியா குழந்தைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற நோய். லூபஸ் ஆபத்தைக் கூட்டும் ஒரு மாற்றம், மலேரியாவிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றினால் அது மக்கள்தொகையில் நிலைத்துவிடும். அரிவாள் செல் மரபணு ஆப்பிரிக்காவில் நிலைத்ததும் இப்படித்தான். அதை ஆந்தனி ஆலிசன் 1954இலேயே காட்டிவிட்டார். 2பி விஷயத்தில் சான்று அந்த அளவுக்கு இரும்பாக இல்லை, ஆனால் திசை அதேதான்.

அடக்கும் ஏற்பி இல்லாவிட்டால் தொற்றிலும் எப்போதும் லாபம் என்று எண்ண வேண்டாம். தடுப்பூசி போட்ட எலிகளுக்கு நிமோகாக்கஸை அதிக அளவில் செலுத்தியபோது, 2பி இல்லாதவை பாக்டீரியாவை வேகமாகத்தான் விழுங்கின; ஆனால் கூடவே கிளம்பிய அழற்சி வெள்ளம் தாங்காமல் இறந்தன. இன்னொரு சோதனையும் சொல்ல வேண்டியது. 2000இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 2பி நீக்கிய எலிகளை ஆராய்ந்தார்கள். ஒரு வம்சத்து எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் தானாகவே வந்தது. வேறொரு வம்சத்தில் அதே மரபணுவை நீக்கியும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற மரபணுக்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தே இந்த ஒரு மரபணுவின் பழுது நோயாகிறது.

மருந்து ஒன்று, பலன் இரண்டு

இதுவரை சொன்னதெல்லாம் நோய் வருவது பற்றி. மருத்துவமனையில் இந்த விஷயம் பெரிதாகப் பேசப்படுவது புற்றுநோய் மருந்துகளின்போது. ரிடுக்சிமாப் என்ற மருந்து உண்மையில் ஆய்வகத்தில் செய்த ஓர் எதிர்ப்பொருள். பி செல்களால் வரும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதன் நிகர் மருந்தை இந்தியாவில் கொண்டுவந்தது. இந்த மருந்து புற்றுநோய் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தச் செல்லை அழிக்க இயற்கைக் கொல்லி செல்கள் 3ஏ ஏற்பியின் வழியே மருந்தைப் பிடிக்க வேண்டும்.

3ஏவின் 158ஆவது இடத்தில் சிலருக்கு வாலின், சிலருக்கு பினைல்அலனின். வாலின் வகை இறுக்கமாகப் பிடிக்கும். 2002இல் பிரான்ஸில், ரிடுக்சிமாப் மட்டும் பெற்ற 49 நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் வாலின் உள்ளவர்கள் எல்லோருக்குமே இரண்டு மாதத்தில் கட்டி சுருங்கியிருந்தது. மற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் அப்படி ஆனது. எல்லோருக்கும் ஒரே மருந்துதான். பிடிக்கும் கைதான் வேறு.

இதைப் பார்த்ததும் ஒவ்வொரு நோயாளிக்கும் மரபணுச் சோதனை செய்துவிட்டு மருந்து கொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். வரவில்லை. ரிடுக்சிமாபோடு கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தபோது இந்த வித்தியாசம் மங்கிப்போனது. கீமோவும் தன் பங்குக்குச் செல்களைக் கொல்வதால் ஏற்பியின் பங்கு தனியாகத் தெரியவில்லை. நிறுவனங்கள் நோயாளியின் ஏற்பியைப் பார்த்து மருந்தைத் தேர்வதற்குப் பதிலாக, எந்த ஏற்பியும் இறுக்கிப் பிடிக்கும்படி மருந்தையே மாற்றின. எஃப்சி பகுதியில் ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. அதன் அடிப்பகுதியில் உள்ள ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையை அகற்றினால் 3ஏ பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. 2013இல் அனுமதி பெற்ற ஒபினுடுஜுமாப் இந்த வழியில் உருவானது. மார்கெடுக்சிமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தில் எஃப்சியின் அமினோ அமிலங்களையே மாற்றினார்கள். அது 2020 டிசம்பரில் அனுமதி பெற்றது.

இதே ஃப்யூகோஸ் இல்லாத எதிர்ப்பொருளை உடலும் தானாகவே உண்டாக்கும். கடும் டெங்கு நோயாளிகளிடம் அந்த வகை எதிர்ப்பொருள் அதிகம் இருப்பது 2017இல் தெரியவந்தது. மருந்துக் கம்பெனி வலிந்து தேடும் பண்பு, டெங்குவில் நோயாளிக்கு எதிராகத் திரும்புகிறது.

ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன?

ஒரு செய்தியில் 'ஆர் வகைக்கு ஆபத்து' என்றும், அடுத்த ஆண்டு 'தொடர்பில்லை' என்றும் படித்துக் குழம்பியவர்களுக்கு:

1. இந்த மரபணுக்கள் ஒன்றின் நகல் மற்றொன்று. குரோமோசோமின் அந்தப் பகுதி பரிணாமத்தில் ஒருமுறை இரட்டிப்பானது. 2பி, 2சி இரண்டின் டிஎன்ஏவும் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். 3ஏ, 3பியும் அப்படித்தான். பழைய சோதனை முறைகள் ஒன்றை அளப்பதாக நினைத்து இன்னொன்றையும் சேர்த்து அளந்திருக்கின்றன. டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிக்கும் நவீனக் கருவிகளும் எந்தத் துண்டு எந்த மரபணுவுடையது என்று இங்கே தடுமாறும்.

2. எழுத்து மாற்றம் மட்டும் போதாது, எத்தனை பிரதி என்பதும் கணக்கு. 3பி மரபணு சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஒன்று, சிலருக்கு மூன்று, மிகச் சிலருக்கு ஒன்றுகூட இல்லை. பிரதி குறைந்தவர்களுக்கு லூபஸில் சிறுநீரக அழற்சி வர வாய்ப்பு அதிகம் என்று 2006இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் எலிகளிலும் மனிதர்களிலும் காட்டினார்கள். பிரதி எண்ணிக்கை என்பதே நோயோடு தொடர்புடையது என்று காட்டிய ஆரம்ப கால ஆய்வுகளில் அது ஒன்று.

3. பக்கத்துப் பக்கத்து மரபணுக்களின் மாற்றங்கள் சேர்ந்தே பரம்பரையாக வருகின்றன. 2ஏ மேல் பழி போட்டாலும் உண்மையான காரணம் பக்கத்தில் உள்ள 2பியாகவோ 2சியாகவோ இருக்கலாம்.

4. ஐம்பது, நூறு பேரை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏராளம். சிறிய ஆய்வில் தற்செயலும் பெரிய விளைவுபோலத் தெரியும்.

அறிக்கையில் 'ஆபத்து' என்று வந்தால்

இணையத்தில் பணம் கட்டிச் செய்யும் மரபணு அறிக்கைகளில் இந்த இடங்களில் ஒன்று குறிப்பிடப்பட்டு, பக்கத்தில் சிவப்பில் ஏதாவது எழுதியிருந்தால், எந்த நோயை வைத்து அந்தச் சிவப்பு என்று முதலில் பார்க்க வேண்டும். ஆர்-ஆர் லூபஸ் வரிசையில் சிவப்பு என்றால் பெருங்குடல் புண் வரிசையில் பச்சை. இதை வைத்துத் தடுப்பூசியைத் தவிர்ப்பதோ கூடுதலாகப் போட்டுக்கொள்வதோ கூடாது. எந்தத் தடுப்பூசி அட்டவணையும் ஏற்பி வகையைப் பார்த்து வகுக்கப்படவில்லை. ரிடுக்சிமாப் கொடுக்கும் முன்பும் மருத்துவர்கள் வழக்கமாக இந்தச் சோதனையைக் கேட்பதில்லை.

மருத்துவமனை உண்மையிலேயே இந்த மரபணுக்களில் ஒன்றைத் தேடிப் பார்க்கும் சந்தர்ப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. 3பி ஏற்பியின் வடிவங்கள் நியூட்ரோஃபில்களின் ரத்த வகைபோலச் செயல்படும். தாயிடம் ஒரு வடிவமும், தந்தையிடமிருந்து குழந்தைக்கு இன்னொரு வடிவமும் இருந்தால், தாயின் உடல் குழந்தையின் வடிவத்துக்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும் என்பதால், பிறந்த குழந்தையின் நியூட்ரோஃபில்கள் சரிந்து தொற்றுக்கு இடம் கொடுக்கும். காரணம் தெரியாத நியூட்ரோஃபில் குறைவு பச்சிளங்குழந்தையிடம் தெரிந்தால் தாய், தந்தை இருவரின் 3பி வகையையும் சோதிப்பார்கள். தொற்று வந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். தாயின் எதிர்ப்பொருள் சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்ததும் குழந்தைக்குத் தானாகவே சரியாகிவிடும். 3பி மரபணுவே இல்லாத தாய்மார்களுக்கும் இந்தச் சிக்கல் வருவதுண்டு. அப்படிப்பட்ட பெண்கள் பெரும்பாலும் எந்த நோயும் இல்லாமல் வாழ்ந்து வந்தவர்கள். தங்களிடம் அந்த ஏற்பி இல்லை என்பதே குழந்தைக்குச் சோதனை செய்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.